ஈ மொய்க்காத உருண்டை

காலை. ஆஸ்பத்திரி மருந்து அறை.

பார்லோ துரை கறுப்புத் துணியை உருவினார். உருவிய கை அப்படியே நின்றது. கண்ணாடி ஜாடிக்குள் கட்டி இல்லை.

வெள்ளையாய்க் கலங்கிய ஏதோ ஒன்று கழுத்துவரை நிறைந்திருந்தது. மூடியின் அடியில் கட்டியிருந்த கறுப்புப் பட்டுநூல் விரல் நீளத்துக்குத் தொங்கியது. அதன் நுனியை யாரோ வெட்டியிருந்தார்கள்.

"பல்லு மொளைச்ச கட்டியைக் காட்டுறேன்னு கூட்டியாந்து மோர் ஜாடியையா காட்டுறீங்க?" என்றான் மருதப்பன்.

மருதப்பன் கண்டாங் கெர்பாவில் எருமைக் கொட்டகை வைத்துப் பால் விற்கிறவன். அவன் மகள் லீலாவுக்குப் பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. ஒரு வருஷமாக அவள் வயிறு பெருத்துக்கொண்டே வந்தது. தெரு என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மருத்துவச்சி வந்து தொட்டுப் பார்த்து, இது பிள்ளை இல்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாள். தெரு அதையும் நம்பவில்லை. கடைசியில் மருதப்பனின் இரண்டாம் சம்சாரம் அன்னம்மாதான் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள்.

துரை வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னதை காயத்துக்குக் கட்டுப்போடுகிற டிரஸ்ஸர் நூருல் அமீன் தமிழில் சொன்னான்.

"இது பிறவிக் கட்டி. தாய் வயித்துல பிள்ளை உருவாகுறப்ப தோலு இங்க, பல்லு இங்கன்னு எல்லாம் அதது எடத்துக்குப் போகும். ஒரு துளி வழி தவறி வேற எடத்துல தங்கிடும். அது அங்கயே கெடந்து முடி வளர்க்கும், பல்லு முளைக்கும். யாரும் செஞ்சதில்ல. யார் மேலயும் குத்தமில்ல."

இதே மாதிரி ஒரு கட்டியை அரபுத் தெரு பதுருன்னிசாவின் வயிற்றிலிருந்து துரை அறுத்து எடுத்திருந்தார். அவள் இப்போது திடமாக நடமாடுகிறாள். அந்தக் கட்டியின் நடுமுண்டு, எலுமிச்சம்பழ அளவு, முடியும் பல்லுமாக, இந்த ஜாடியில்தான் ஸ்பிரிட்டில் தொங்கியது. அதைக் கண்ணால் பார்த்தால் கத்திக்குச் சம்மதிக்கிறேன் என்று மருதப்பன் சொல்லியிருந்தான். நியாயமான பேச்சு.

"பாப்பா, எந்திரி. வீட்டுக்குப் போவோம்" என்றான் இப்போது.

வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த லீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"துரை சொல்றாரு, கட்டியோட காம்பு உள்ளாற முறுக்க ஆரம்பிச்சிருக்கும்போல. முழுசா முறுக்கிட்டா பொண்ணு தாங்காது. தள்ளிப்போடாதீங்க" என்றான் நூருல் அமீன்.

"கட்டியே பொய்யாப் போச்சு. காம்பு எங்கேருந்து வந்துச்சு?"

அன்னம்மா வாசலை மறித்தாள். "என்னங்க, ஜாடியில இருந்தது காணாமப் போனாப் போகட்டும். நம்ம புள்ள காணாமப் போயிடக்கூடாதுங்க."

அவன் அவளைத் தள்ளிக்கொண்டு போனான்.

பகல். மணி காட்டும் கோட்டைக் குண்டு வெடித்த பிறகு.

கொட்டகையில் இராமசாமி வந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மருந்தெடுக்கிற இராமசாமி என்று பேர். பிடிக்காதவர்களுக்குச் சோற்றில் பிணத்து முடியும் பல்லும் வைத்துக் கொடுத்தால், அது வயிற்றில் உருண்டு நின்று ஆளைத் தின்னும் என்று நம்புகிற ஜனம் நிறைய. அந்த இடுமருந்தை வாந்தியாக வரவழைத்துக் காட்டுவது அவன் தொழில். காட்டாமல் திரும்பியதாக ஒரு நாளும் இல்லை. அதிலேயே எனக்கென்றால் சந்தேகம் வந்திருக்கும்.

பச்சிலைச் சாறு ஒரு செம்பு லீலாவின் தொண்டையில் இறங்கியது. அவள் குமட்டினாள். இராமசாமி கிண்ணத்தைப் பிடித்து, தன் துண்டால் அவள் வாயைத் துடைத்து, கிண்ணத்துக்குள் கையை விட்டான். மஞ்சளும் குங்குமமும் அப்பிய ஓர் உருண்டை வந்தது. வாழையிலையில் வைத்துக் கீறினான். உள்ளே முடி. முடிக்குள் பல்.

கூட்டம் ஓலமிட்டது.

"தாயில்லாப் புள்ளைக்குச் சோறு போட்ட கை செஞ்ச வேலை" என்றான் இராமசாமி.

எல்லாத் தலையும் அன்னம்மா பக்கம் திரும்பின. மாட்டுக்காரர்கள் தடியை எடுத்தார்கள். யாரோ ஸ்டேஷனுக்கு ஓடினார்கள்.

பொழுது சாய்கிற நேரம்.

வந்தவர் டிடெக்டிவ் சார்ஜன் ஒலி முகம்மது. நாகூர்க்காரர். மாத்தா என்கிற போலீஸ் உடுப்பில் தலை நரைத்தவர். யாராவது சத்தியம் செய்தால் அவருக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். யார் வீட்டிலும் எதையும் வாயில் வைக்கமாட்டார்.

"கூட்டம் விலகட்டும். தடியெல்லாம் கீழே. செத்தது யாரு?"

"யாரும் சாகலீங்க. சாகப் பார்த்துச்சு" என்றான் ஒருவன்.

அவன் தனசேகரன். லீலாவின் தாய்மாமன், செத்துப்போன முதல் சம்சாரத்தின் தம்பி. மருதப்பனின் பாலை வாடிக்கைக்காரர்களுக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறவன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

"வெசம் வச்சவ அங்க நிக்கிறா, சார்ஜன் ஐயா! எங்கக்கா இருந்திருந்தா இது நடக்குமா? மச்சான், நீ கவலைப்படாத. இந்தப் புள்ளைய ஊர்ல ஒருத்தனும் கட்டாட்டிப் போறான். நான் கட்டிக்கிறேன்."

"அது அப்புறம். தொண்டை வறண்டு கத்துறியே, பால் இருக்கா?"

"இருக்குங்க!"

தனசேகரன் பெரிய கேனிலிருந்து ஒரு குவளை பால் மொண்டான். வாய் அன்னம்மாவைத் திட்டிக்கொண்டே இருந்தது. இடக்கை பக்கத்துத் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு குவளை தண்ணீரை மொண்டு கேனில் ஊற்றியது. பிறகு பாலை நீட்டினான்.

ஒலி முகம்மது குடிக்கவில்லை. ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டார். நிற்காமல் வழிந்தோடியது.

"தண்ணியா இருக்கே."

"எருமை நேத்து நெறையக் குடிச்சிருச்சுங்க."

நாலு பேர் சிரித்தார்கள். சார்ஜன் குவளையைக் கீழே வைத்துவிட்டு உருண்டையைப் பார்க்கக் குனிந்தார். மாட்டுக் கொட்டகையில் ஈக்குப் பஞ்சமில்லை. பால் குவளையில் உட்கார்ந்தது, வாந்திக் கிண்ணத்தில் மொய்த்தது, இராமசாமியின் மூக்கில் நடந்தது. சார்ஜன் தன் முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டே இருந்தார். இலைக்கு மேல் மட்டும் வீசவேண்டியிருக்கவில்லை.

"இது எப்ப எடுத்தது?"

"குண்டு வெடிச்சப்புறம்" என்றான் இராமசாமி. "உடனே எரிக்கணுங்க. இல்லாட்டி வேகம் போகாது."

"நாளைக்கு எரிக்கலாம். நீ ஆஸ்பத்திரிப் பக்கம் போனதுண்டா?"

"அந்தத் தீட்டுப் புடிச்ச வாசப்படிய மிதிச்சதே இல்ல."

"அது நெசமா இருக்கும்போலத்தான் தெரியுது" என்றார் சார்ஜன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வருவது அபூர்வம்.

அன்னம்மாவிடம் திரும்பினார். "நீ வச்சியா?"

"வச்சேன். சோறு வச்சேன், கீரை வச்சேன். ஒரு வேளை வைக்காம இருந்ததில்ல."

"உன்னைச் சொல்றதுக்கு என்ன காரணம்?"

"நான் சித்தி. வேற காரணம் வேணுமா?"

"வேற ஏதும் இருந்தா சொல்லு."

அன்னம்மா தனசேகரனை ஒரு முறை பார்த்தாள். "தாய்மாமன் உரிமைன்னு பொண்ணு கேட்டாரு. கெழவனுக்குக் குடுக்கமாட்டேன், மொதல்ல அவ ஒடம்பு தேறட்டும்னு சொன்னேன்."

"பாருங்க, பேச்சை மாத்துறா!" என்று தனசேகரன் குதித்தான்.

சார்ஜன் அன்னம்மாவை ஸ்டேஷனுக்கு நடத்திப் போனார். கொட்டகையில் விட்டால் விடிவதற்குள் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். உருண்டையையும் இலையோடு எடுத்துக்கொண்டார். பின்னால் பாயில் கிடந்த லீலா தலையைத் தூக்கி, "சின்னம்மாவை எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள். அவள் நெற்றி அனலாய்க் கொதித்தது. அப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பத்தியம் இருந்தால் ஒரு மண்டலத்தில் வயிறு தானே வற்றும் என்று இராமசாமி சொல்லியிருந்தான்.

லாக்கப்பில் அன்னம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என்னை எப்ப வேணா விடுங்க. அவளை எப்ப அறுப்பாங்க?"

மறுநாள் காலை. ஆஸ்பத்திரி.

ஒலி முகம்மது மேஜைமேல் இலையை விரித்தார்.

"துரை, நீங்க சொன்னதையும் நான் நம்பல. மருந்தெடுக்கிறவன் சொன்னதையும் நம்பல. ஆனா ஒண்ணு. எங்க ஊரு ஈயைப் பத்தி எனக்குத் தெரியும். மாமிசத்தைக் கண்டா விடாது. இந்த உருண்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கல. ஏன்?"

நூருல் அமீன் சொல்லி முடிப்பதற்குள் துரை உருண்டையைத் தண்ணீரில் கழுவத் தொடங்கிவிட்டார். மஞ்சள் கரைந்தது. குங்குமம் கரைந்தது. முடிக் கொத்துக்கு நடுவே முடியில்லாத ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கறுப்புப் பட்டுநூல். முடிச்சோடு.

துரை ஜாடி மூடியைப் பிடித்தார். சார்ஜன் உருண்டையைத் தூக்கினார். இரண்டு நுனியும் ஒன்றோடொன்று பொருந்தின.

"ஸ்பிரிட்ல ஊறின சதைக்கு ஈ வராது நானா" என்றான் நூருல் அமீன், சார்ஜனை அண்ணன் முறையில் கூப்பிட்டு. "அல்லா! அப்ப அந்த அம்மா..."

"அந்த அம்மா அப்புறம். முதல்ல நீ. சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட. இன்னொண்ணு துரைகிட்ட."

"கட்டி காணாமப் போனதை ஏன் யாரும் பார்க்கல?"

"வார்டுப் பொம்பளைங்க பயப்படுறாங்கன்னு ஜாடிய முழுசா துணி போட்டு மூடி வச்சிருந்துச்சு. யாரும் தூக்கிப் பார்க்கிறதில்ல."

"அடிமுதல் மூடிவரைக்கும்?"

"ஆமா நானா."

சார்ஜன் ஜாடியைச் சுற்றி வந்தார். "உள்ள இது என்ன? பாலா?"

"பால்தான் ஊத்தியிருக்கான் திருட்டுப் பய."

"பார்ப்போம்."

அதே அலமாரியில் கொழுப்புக் கட்டி ஒன்று ஊறிக்கொண்டிருந்த இன்னொரு ஜாடி இருந்தது. அதிலிருந்து தெளிந்த ஸ்பிரிட்டை மூன்று கிளாஸில் வாங்கினார். முதல் கிளாஸில் பால் விட்டார். திரிதிரியாய்த் திரிந்து அடியில் விழுந்தது. இரண்டாவதில் புது ஸ்பிரிட் விட்டார். தெளிவாகவே நின்றது. மூன்றாவதில் வெறும் தண்ணீர் விட்டார். கண்ணுக்கு முன்னாலேயே வெளுத்துப் பால்போல் ஆனது. திரி இல்லை.

துரை மேஜையைத் தட்டினார். நூருல் அமீன் மொழிபெயர்த்தான். "கொழுப்பு ஸ்பிரிட்ல கரைஞ்சு நிக்குமாம். தண்ணி பட்டதும் வெளிய வந்து வெளுத்துடுமாம். ஜாடியில ஊத்துனது தண்ணிதானாம்."

"சரி. ஸ்பிரிட் எங்க வச்சிருக்கே?"

"இதோ, ஜாடிக்குப் பக்கத்துல."

"தண்ணி?"

"முத்தத்துக் குழாயில. இந்த அறைக்குள்ள தண்ணி கொண்டாரக்கூடாது. பஞ்சு, பவுடரெல்லாம் நனைஞ்சிடும்."

"அப்ப தண்ணியோட உள்ள வந்தவன் யாரு?"

"யாருமே இல்ல நானா. அல்லா மேல ஆணை."

"ஆணை வேணாம். பதில் போதும். ஆஸ்பத்திரிக்குப் பால் எங்கேருந்து வருது?"

"மருதப்பன் கொட்டகையிலேருந்து. இந்த அறையிலதான் வாங்குவோம். மிதவைக் குழலை விட்டுப் பார்த்துட்டுத்தான் வாங்குறது. கலப்படம் இருந்தா காட்டிக்குடுத்துடும்."

"பாலை எதுல வாங்குறே?"

"வார்டு வாளியில."

"வாளி எங்க இருக்கும்?"

நூருல் அமீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"போதும்" என்றார் சார்ஜன். "உடுப்பைப் போட்டுக்கிட்டு என்னோட வா. வழியில அரபுத் தெருவுக்கும் போகணும். துரை, கத்தியைக் காய்ச்சி வைங்க."

அன்றே. கோட்டைக் குண்டுக்கு முன்.

கொட்டகைக்கு நாலு பேர் போனார்கள். முன்னால் சார்ஜன், பின்னால் நூருல் அமீன், அவனுக்குப் பின்னால் முக்காடு போட்ட பதுருன்னிசா. கடைசியில் ஒரு மலாய்க் கான்ஸ்டபிள், இராமசாமியின் குடுமியைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

லீலா பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. மருதப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். தனசேகரன் விசிறிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொம்பளை ஒத்துக்கிட்டாளா ஐயா?" என்று எழுந்தான்.

"எல்லாரும் ஒத்துக்குவாங்க. உக்காரு."

சார்ஜன் கழுவிய உருண்டையை எடுத்து வைத்தார். பதுருன்னிசா எட்டிப் பார்த்தாள். முக்காடு நழுவியது.

"அடப் பாவிங்களா! இது என்னுது!"

கூட்டம் வாயைப் பிளந்தது.

"மூணு பல்லு இருக்கும், எண்ணிப் பாருங்க. ஓரத்துப் பல்லு கோணல். கண்ணு முழிச்சதும் துரை என் கையிலயே குடுத்துக் காட்டுனாரு. என் வயித்துச் சாமான் உங்க மாட்டுக் கொட்டகையில என்ன பண்ணுது?"

மருதப்பன் எண்ணினான். மூன்று. ஒன்று கோணல். அவன் பார்வை இராமசாமிமேல் போய் நின்றது.

"துண்டுக்குள்ள வச்சிருந்து கிண்ணத்துல போட்டியாடா?"

இராமசாமி தோளிலிருந்த துண்டை இறுக்கிப் பிடித்தான்.

"அவனை அப்புறம் மிதிக்கலாம்" என்றார் ஒலி முகம்மது. "இவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்லன்னான். அது நெசம். கேட்டுல உள்ளவங்க ஒருத்தரும் இவனைப் பார்த்ததில்ல. அப்ப எடுத்துக் குடுத்தவன் வேற ஒருத்தன். சொல்றேன், கேளுங்க. முதல்ல தனசேகரா, இந்தப் பெரியம்மா வெயில்ல நடந்து வந்திருக்காங்க. ஒரு குவளை பால் குடு."

"இதோ."

தனசேகரன் கேனைத் திறந்தான். நல்ல வேளை, மோப்பம் பிடிக்கிற பேச்சு வேறு பக்கம் போய்விட்டது என்று நினைத்திருப்பான். ஒரு குவளை பால் மொண்டான். அதை வலக்கையால் பதுருன்னிசாவிடம் நீட்டினான். இடக்கை தூக்கிலிருந்து ஒரு குவளை தண்ணீரை எடுத்துக் கேனில் ஊற்றியது.

"நிறுத்து. அப்படியே நில்லு" என்றார் சார்ஜன்.

இடக்கை அந்தரத்தில் நின்றது. குவளையிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டியது.

"இப்ப எதுக்கு ஊத்துனே?"

"எதை?"

"உன் கையைப் பாரு."

தனசேகரன் பார்த்தான். அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. கூட்டத்தில் ஒருத்தன் "தெனம் எங்களுக்கு இதானா?" என்று கத்தினான். சிரிப்பு வெடித்தது. சார்ஜன் சிரிக்கவில்லை.

"ஜாடியை அடியிலிருந்து மூடிவரைக்கும் துணி போட்டு மறைச்சிருந்தாங்க. உள்ள கொறைஞ்சாலும் வெளிய தெரியாது. எடுத்தவன் எடுத்துட்டுப் போயிருக்கலாம். ஆனா அவன் கழுத்துவரைக்கும் தண்ணி ஊத்தி நிரப்பியிருக்கான். எதுக்கு? வழி பூரா அதைத்தான் யோசிச்சேன். ஆஸ்பத்திரிக்காரன் ஊத்தியிருந்தா ஸ்பிரிட் ஊத்தியிருப்பான், பக்கத்துலயே இருக்கு. இவன் தண்ணி ஊத்தியிருக்கான். தண்ணி அந்த அறைக்குள்ள கெடையாது. அவனே கொண்டு வந்திருக்கான். எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தாம ஒரு பாத்திரத்தை மூடத் தெரியாத கை அது. திருட்டுக்கு அது தேவையில்ல. தொழிலுக்குத் தேவை."

சார்ஜன் பின்னால் திரும்பினார். "நூருல் அமீன், வாளி எங்க இருக்கும்?"

"சமையக்கட்டுல" என்றான் நூருல் அமீன் தரையைப் பார்த்து. "குழலை விட்டுப் பார்த்துட்டு நான்தான் போய் எடுத்தாருவேன். அந்நேரம் இவன் கேனு தூக்கோட அறையில நிப்பான். ஒரு நிமிசந்தான் நானா. தப்புதான்."

"ஆஸ்பத்திரியில நல்ல பால் குடுப்பான், குழலுக்குப் பயந்து. தண்ணித் தூக்கு மத்த வீட்டுக்கு. கட்டி வெளிய வந்தது அந்தத் தூக்குலதான்" என்றார் சார்ஜன்.

தனசேகரன் மருதப்பனின் காலைப் பிடித்தான். "மச்சான், நம்பாத! எங்கக்கா மகளுக்கு நான் கெடுதல் பண்ணுவேனா?"

"பண்ணுவ" என்றார் சார்ஜன். "ஜாடி காலியா இருந்தா உன் மச்சான் கத்திக்குச் சம்மதிக்கமாட்டான். அதே கட்டி இங்க வந்தா அன்னம்மா ஜெயிலுக்குப் போவா. குறுக்க நிக்கிறவ போயிட்டா, ஊரே ஒதுக்கின பொண்ணைத் தியாகம் பண்ணிக் கட்டிக்கிற மாதிரி கட்டிக்கலாம். நேத்தே சொன்னியே. பொண்ணு பொழைக்குமாங்கிறதை மட்டும் நீ யோசிக்கல."

"நான் ஒண்ணும் பண்ணல! சாட்சி யாரு?"

குடுமியைப் பிடித்திருந்த கான்ஸ்டபிள் சும்மா ஒரு தரம் அசைத்தான். இராமசாமி அலறினான்.

"இவன்தான் ஐயா! பாக்கு மட்டையில சுத்திக் கொண்டாந்து குடுத்தான்! எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா உன் பொழப்பு என்னாவும்னு கேட்டான்!"

மருதப்பன் எழுந்தான். தனசேகரனை அடிப்பான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நேராகப் பாய்க்குப் போய் மகளை இரண்டு கையிலும் தூக்கினான்.

"வண்டியைப் பூட்டுங்கடா!"

வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டி சிராங்கூன் ரோட்டில் பறந்தது. ரிக்‌ஷாக்கள் ஒதுங்கின. ஸ்டேஷன் வாசலில் சார்ஜன் வண்டியை நிறுத்தி உள்ளே போனார். வெளியே வரும்போது அன்னம்மா முன்னால் வந்தாள். மருதப்பன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடிக்காமல் தானே ஏறினாள். லீலாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சின்னம்மா" என்றாள் லீலா.

"பேசாத. வந்துட்டோம்."

குளோரபாரம் நெடி நடைவரை வந்தது. கதவைச் சாத்தினார்கள். வெளியே மருதப்பன் நின்றான், உட்கார்ந்தான், மறுபடி நின்றான். பதுருன்னிசா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே, "எனக்கும் இப்படித்தான், எனக்கும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சார்ஜன் தூணில் சாய்ந்து நின்றார். துரைமேலும் அவருக்குப் பூரா நம்பிக்கை வந்துவிடவில்லை.

கோட்டைக் குண்டு வெடித்தது. காகங்கள் எழுந்து அடங்கின.

கதவு திறந்தது. துரையின் ஏப்ரன் நனைந்திருந்தது. கையில் பீங்கான் தட்டு. அதில் பம்பளிமாஸ் அளவு ஒரு பை, ஒரு பக்கம் கறுத்துப்போய். பையைக் கீறியிருந்தார்கள். உள்ளே வெண்ணெய்போல் கொழுப்பு, அதற்குள் ஒரு கற்றை முடி, முடியின் அடியில் இரண்டு பல், பால்பல்லைப்போல் தேயாமல் வெள்ளையாய்.

"காம்பு ரெண்டு சுத்து முறுக்கியிருந்துச்சாம்" என்றான் நூருல் அமீன். "நாளைக்கு வந்திருந்தா வேலையே இருந்திருக்காதாம். சரியான நேரத்துல பட்டுநூல் கட்டி அறுத்துட்டாராம். பொண்ணு நல்லா மூச்சு விடுது."

"புள்ளை பெத்துக்க முடியுமான்னு கேளுங்க" என்றாள் அன்னம்மா.

துரை கேட்டுச் சிரித்தார். இரண்டு விரலைக் காட்டி ஒன்றை மடக்கினார்.

"இன்னொரு பக்கத்துச் சினைப்பை சுத்தமா இருக்காம். பெத்துக்கலாமாம்."

மருதப்பன் தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலுக்கே போனான். பின்னாலேயே வந்து கேட்டுக்கு வெளியே காத்துக்கிடந்த தெருவுக்கு அதைத் தூக்கிக் காட்டினான்.

"பாருங்கடா! நல்லாப் பாருங்க! என் பொண்ணைப் பத்திப் பேசுன வாயெல்லாம் வந்து பாருங்க! பிறவியில வந்தது! யாரும் வச்சதில்ல! எம்பொண்டாட்டி வச்சதில்ல! துரை எடுத்துட்டாரு!"

தெரு பார்த்தது.

தனசேகரனுக்கும் இராமசாமிக்கும் மாஜிஸ்ட்ரேட்டு கம்பி எண்ண வைத்தார். நூருல் அமீன் திட்டு வாங்கி, வாளியை மருந்து அறையிலேயே வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டான். ஜாடி பழைய இடத்திலேயே இருக்கிறது. இப்போது அதற்குள் இரண்டு உருண்டை தொங்குகிறது. மேலே துணி கிடையாது. பார்க்க வருகிறவர்களுக்குத் தான்தான் காட்டுவேன் என்று பதுருன்னிசா பிடிவாதம் பிடிக்கிறாள்.

லீலா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் சார்ஜன் அந்தப் பக்கமாக நடந்து போனார். கொட்டகை வாசலில் அன்னம்மா பால் அளந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் தூக்கு எதுவும் இல்லை. லீலா கறவைச் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தாவணி தட்டையாகக் கிடந்தது.

"சார்ஜன் ஐயா, பால் குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள்.

ஒலி முகம்மது குவளையை வாங்கினார். ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தார். சொட்டு முத்துப்போல் நின்றது. விரலைச் சாய்த்தார். அப்போதும் நின்றது.

"இன்னும் நம்பிக்கை வரலியா?" என்று அன்னம்மா சிரித்தாள்.

"பார்த்துட்டேன்ல" என்று சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் குடித்தார்.